ஆடு தொடாத செடிகள்: நச்சுத் தாவரங்கள், ஆக்கிரமிப்புத் தாவரங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நச்சுத் தாவரமும் ஆக்கிரமிப்புத் தாவரமும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. தின்றாலோ, சாறு பட்டாலோ, எரித்த புகையை முகர்ந்தாலோ உடலுக்குத் தீங்கு செய்யும் வேதிப்பொருளைக் கொண்டிருப்பது நச்சுத் தாவரம். தன் தாயகத்திலிருந்து மனிதரால் வேறொரு நிலத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே அடங்காமல் பரவி, அந்த மண்ணின் செடிகொடிகளையும் விலங்குகளையும் மக்களின் பிழைப்பையும் நெருக்குவது ஆக்கிரமிப்புத் தாவரம். எட்டி மரம் கடும் நஞ்சுடையது; ஆனால் தன் சொந்தக் காட்டோடு நின்றுகொள்கிறது. ஆகாயத்தாமரை ஏரிகளையே மூடிவிடுகிறது. ஆனால் அதைத் தொட்டு யாரும் மயங்கி விழுவதில்லை.

இருந்தும் இவ்விரண்டையும் சேர்த்துப் பேசக் காரணம் இருக்கிறது. ஒரு செடியை மேய்ச்சல் விலங்குகள் கடிக்காமல் விடுவதற்கு அதன் நஞ்சோ கசப்போதான் பெரும்பாலும் காரணம். சுற்றியுள்ள புல்லும் பூண்டும் மேயப்பட்டுத் தேய்ந்துகொண்டே போக, கடிபடாத செடி மட்டும் வெயிலையும் ஈரத்தையும் இடத்தையும் தனதாக்கிக்கொள்கிறது. உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் மேய்ச்சல் நிலங்களைப் பிடித்தது இந்த வழியில்தான். ‘ஆடு மாடு வாய் வைக்காது, தண்ணீர் ஊற்ற வேண்டாம், வெட்டினாலும் துளிர்க்கும்’ என்று எந்தக் குணங்களைப் பாராட்டி ஒரு செடியை வேலிக்கும் அழகுக்கும் நடுகிறோமோ, அதே குணங்கள்தான் சில பத்தாண்டுகள் கழித்து அதை அடக்க முடியாமல் ஆக்குகின்றன.

அப்படியானால் ஆடு தொடாதது எல்லாம் நஞ்சு, ஆடு தின்பது எல்லாம் நல்லது என்று கொள்ளலாமா?

கொள்ளக் கூடாது. தமிழில் இரண்டு செடிகள் ஆட்டை வைத்தே பெயர் பெற்றவை. ‘ஆடு தொடா இலை’ என்பதே ஆடாதொடை ஆயிற்று என்பார்கள். அது இருமலுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் மூலிகை. ஆடுதீண்டாப்பாளையோ சிறுநீரகத்தைக் கெடுக்கும் அமிலத்தைக் கொண்டது. அதைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்கிறேன். இரண்டையும் ஆடு ஒதுக்குகிறது என்பதிலிருந்து அவற்றின் சுவை பிடிக்கவில்லை என்பதற்கு மேல் நமக்கு ஒன்றும் தெரியவராது.

மறுபுறமும் பார்க்க வேண்டும். குளக்கரைகளில் ஊதாப் பூவோடு புதராக நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கைப் பசியால் ஒருமுறை தின்னப் பழகிய ஆடுகள், பிறகு நல்ல தீவனத்தை விட்டுவிட்டு அதையே தேடிப் போவது பதிவாகியிருக்கிறது. அதிலுள்ள சுவைன்சோனைன் என்னும் நஞ்சு நரம்புகளைச் சிதைத்து, ஆட்டைத் தள்ளாடவைத்துக் கொல்கிறது. சீமைக்கருவேலத்தின் இனிப்பான நெற்றை ஆடும் மாடும் விரும்பித் தின்னும். ஆனால் மற்றத் தீவனமின்றி அதையே நெடுநாள் தின்றால் தாடை நரம்பு செயலிழந்து முகம் கோணிப்போகும், பல்லும் சொத்தையாகும். கென்யாவின் பாரிங்கோ பகுதியில் மண்ணரிப்பைத் தடுக்கவென்று 1980-களில் நடப்பட்ட இந்த மரம் மேய்ச்சல் நிலத்தை விழுங்கிவிட்டதாக அங்குள்ள கால்நடை வளர்ப்போர் அரசின்மீது வழக்குத் தொடுத்தபோது, பல்லிழந்த ஓர் ஆட்டையே நீதிமன்றத்துக்குச் சாட்சியாகக் கொண்டுபோனார்கள்.

பறவை கொத்திய பழம் நமக்கும் ஆகும் என்ற நம்பிக்கையும் இதே வகைப் பிழைதான். ஐரோப்பாவில் வளரும் யூ என்னும் ஊசியிலை மரத்தின் சிவந்த பழச்சதையைப் பறவைகள் விழுங்கி, நச்சு விதையை உடைக்காமல் அப்படியே எச்சத்தில் கழித்துவிடுகின்றன. மென்று தின்னும் நமக்கு அந்த வசதி கிடையாது. பெல்லடோனா என்னும் ஐரோப்பியச் செடியின் கரும்பழங்களைப் பறவைகள் தின்கின்றன, மனிதக் குழந்தைக்கோ அவை கொடிய நஞ்சு.

இந்த ஆபத்தை நாம் ஏன் குறைத்து மதிப்பிடுகிறோம்?

நஞ்சின் வலிமையைவிட அது எடுத்துக்கொள்ளும் காலமே நம்மை ஏமாற்றுகிறது என்பது என் கணிப்பு. தேள் கொட்டினால் அந்த நொடியே வலிக்கிறது, காரணம் தெரிந்துவிடுகிறது. செடியின் நஞ்சு பெரும்பாலும் பொறுத்திருந்து வேலை செய்கிறது. அதற்குள் காரணமும் விளைவும் நம் நினைவில் பிரிந்துபோகின்றன.

செங்காந்தளை எடுத்துக்கொள்வோம். கண்வலிக்கிழங்கு எனப்படும் அதன் கிழங்கைத் தின்னத்தக்க வேறு கிழங்கு என்று தவறாக எண்ணி உண்பவருக்கு முதல் சில மணி நேரம் ஒன்றும் ஆவதில்லை. பிறகு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருகின்றன. ஏதோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் நினைக்கிறார்கள். வயிறு சற்று அடங்கியதும் நிம்மதி வருகிறது. ஆனால் கிழங்கிலுள்ள கொல்கிசைன், பிரிந்து பெருகும் செல்களையெல்லாம் தாக்குவதால், அடுத்த நாட்களில் எலும்பு மஜ்ஜை செயலிழந்து இரத்த அணுக்கள் சரியத் தொடங்குகின்றன. உயிர் பிழைப்பவருக்கும் ஓரிரு வாரங்கள் கழித்து முடி கொத்துக்கொத்தாக உதிர்கிறது. முடி உதிரும்போது அந்தக் கிழங்கை யார் நினைப்பார்கள்?

மஞ்சள் அரளியிலும் செவ்வரளியிலும் உள்ள நஞ்சு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைப்பது. மருத்துவமனைக்கு வந்தபோது நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவருக்கும் பிற்பாடு திடீரெனத் துடிப்பு பிறழலாம் என்பதால்தான், நலமாகத் தெரிந்தாலும் மருத்துவர்கள் அவரை இரவு முழுதும் கருவியோடு இணைத்துக் கண்காணிக்கிறார்கள். காக்கசஸ் மலைப்பகுதியிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் அழகுச்செடியாக பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஆற்றங்கரைகளைப் பிடித்திருக்கும் ஜயண்ட் ஹாக்வீடின் சாறு, தோலில் படும்போது உறுத்துவதே இல்லை. அந்த இடத்தில் வெயில் பட்டு, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தீக்காயம்போல் கொப்புளம் எழும்புகிறது.

செடியை யாரும் வேண்டுமென்று தின்னப்போவதில்லையே. பிறகு நஞ்சு எப்படி உடலுக்குள் போகிறது?

தின்கிறோம் என்று தெரியாமலேதான் பெரும்பாலும் போகிறது. மூன்று நிகழ்வுகளைச் சொல்கிறேன். மூன்றிலும் நஞ்சுண்டவர்கள் அந்தச் செடியைப் பார்த்திருக்கக்கூட வேண்டியதில்லை.

2019-இல் உகாண்டாவில் உதவியாக வழங்கப்பட்ட சத்துமாவைச் சாப்பிட்ட சுமார் 300 பேர் மனக்குழப்பத்தோடும் பிதற்றலோடும் நோயுற்றனர், 5 பேர் இறந்தனர். மாவுக்கான தானியத்தோடு கலந்துவந்த ஊமத்தை விதைகளின் நஞ்சே காரணம் எனக் கண்டறியப்பட்டது. ஊமத்தை விளைநிலத்துக் களை. பயிரோடு சேர்ந்து விளைகிறது, பயிரோடு சேர்ந்தே அறுவடையாகிறது.

1998-இல் டெல்லியில் கடுகெண்ணெயைப் பயன்படுத்திய குடும்பங்களில் கால் வீங்கி, மூச்சு திணறி, இதயம் தளர்ந்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். எண்ணெயில் பிரம்மதண்டு விதையின் எண்ணெய் கலந்திருந்தது. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட இந்த மஞ்சள் பூ முட்செடி, வெப்ப நாடுகளின் தரிசுகளிலெல்லாம் பரவிய ஆக்கிரமிப்புத் தாவரம். அதன் விதை கடுகைப்போலவே சிறியது, கரியது. பரவலும் நஞ்சும் ஒரே செடியில் சேர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

மூன்றாவது பழையது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் குடியேறியவர்கள் ‘பால் நோய்’ என்ற ஒன்றால் கூட்டங்கூட்டமாக இறந்தார்கள். காட்டு நிழலில் வளரும் வெள்ளைப் பூச்செடி ஒன்றை மேய்ந்த பசுக்களின் பாலில் அந்த நஞ்சு இறங்கியிருந்தது. ஆபிரகாம் லிங்கனின் தாய் நான்சி 1818-இல் இறந்தது இந்த நோயால்தான் எனக் கருதப்படுகிறது. லிங்கனுக்கு அப்போது ஒன்பது வயது.

வேகவைத்தால், காயவைத்தால் நஞ்சு போய்விடாதா?

நஞ்சு எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தது. ஆமணக்கு விதையின் ரிசினும் குன்றிமணியின் ஏப்ரினும் புரதங்கள். போதுமான வெப்பத்தில் சிதைந்துவிடும். அரளியின் இதய நஞ்சும் ஊமத்தையின் ஆல்கலாய்டு வகை நஞ்சுகளும் கொதிநீருக்கு மசிவதில்லை. கொதிக்கவைத்தால் நஞ்சு நீரில் இறங்கிக் கஷாயமாகிறது, அவ்வளவுதான். மரவள்ளியின் கசப்பு வகைகளில் உள்ள சயனைடைத் துருவி, ஊறவைத்து, உலர்த்தி நீக்க மக்கள் வழி கண்டிருக்கிறார்கள். பஞ்சகாலத்தில் அந்த வேலையைச் சுருக்கியபோது ஆப்பிரிக்கச் சிற்றூர்களில் கோன்சோ எனப்படும், கால்களை நிரந்தரமாகச் செயலிழக்கவைக்கும் நோய் குழந்தைகளையும் பெண்களையும் அதிகமாகப் பிடித்தது.

காய்வதைப் பற்றி எச்சரிக்கை கூடுதலாகத் தேவை. பச்சை அரளி இலையைக் கசப்பால் ஒதுக்கும் மாடு, கத்தரித்துப் போட்டு வாடிய இலையை மற்றத் தழையோடு சேர்த்துத் தின்றுவிடும். நஞ்சோ காய்ந்த பின்னும் குறையாமல் இருக்கிறது. வேலியை வெட்டிச் சீர்செய்த நாளில்தான் கால்நடை சாகிறது என்பது பல நாடுகளில் கால்நடை மருத்துவர்களுக்குப் பழகிப்போன செய்தி. யூ மரக் கழிவைத் தின்று இறக்கும் குதிரைகளின் கதையும் இதுவே. செரி வகை மரங்களின் இலை வாடும்போது சயனைடு வெளிப்படுவதால், பச்சை இலையைவிட வாடிய இலையே கேடு. வறட்சியில் வாடிய இளஞ்சோளப் பயிரில் மாட்டை இறக்கக் கூடாது என்று சொல்லப்படுவதும் சயனைடை முன்னிட்டுத்தான்.

தின்னாமல் தொட்டால் மட்டும் ஆபத்து உண்டா?

உண்டு, அதிலும் கண்ணுக்கு. எருக்கம்பால் கண்ணில் தெறித்தால் கருவிழியின் உட்படலம் சேதமடைந்து பார்வை மங்குகிறது. பல சமயம் பெரிய வலி இருப்பதில்லை, அதனாலேயே ‘சரியாகிவிடும்’ என்று நாளைக் கடத்துகிறார்கள். திருகுகள்ளிப் பால் பட்டால் வலியே துடிக்கவைத்துவிடும். எந்தச் செடியின் பாலானாலும் உடனே ஓடும் நீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

பார்த்தீனியம் தொடக்கூட வேண்டியதில்லை. அதன் மகரந்தமும் காய்ந்த துகள்களும் காற்றில் வந்து படிந்தே, ஒவ்வாமை ஏற்பட்டவருக்குக் கண்ணிமை, கழுத்து மடிப்பு, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் தடித்த அரிப்புப் புண்ணை உண்டாக்குகின்றன. ஆண்டுக்கணக்கில் அதனோடு புழங்கியவருக்கு ஒருநாள் திடீரென ஒவ்வாமை தொடங்கலாம். ‘இத்தனை நாளும் எனக்கு ஒன்றும் செய்யவில்லையே’ என்ற வாதம் இங்கே செல்லாது.

குழந்தைகள் விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

கசப்பு காப்பாற்றும் என்று நம்புவதை விட வேண்டும். ‘எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன’ என்ற பழமொழியில் எட்டிப்பழம் யாருக்கும் பயன்படாத பொருளாக நிற்கிறது. அதன் கசப்பு அப்படிப்பட்டது. ஆனால் காட்டாமணக்கு விதையின் சுவை வேர்க்கடலையை ஒத்தது. அதனால்தான் விளையாடப் போன பிள்ளைகள் ஒருவர் கொடுக்க ஒருவர் தின்று, கும்பலாக வாந்தியெடுத்து மருத்துவமனைக்கு வருகிறார்கள். பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள் என்றாலும், நீர்ச்சத்து இழந்த சிறு குழந்தைக்கு அது சிறிய விஷயமல்ல.

குன்றிமணியின் ஓடு கடினமானது. மெல்லாமல் விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். ஆபத்து, மணியாகக் கோக்க ஊசியால் துளையிடப்பட்ட விதையில் இருக்கிறது. அரணாக நின்ற ஓடு அங்கே ஏற்கெனவே உடைபட்டிருக்கிறது. குன்றிமணி கோத்த கைவளையங்களை 2011-இல் பிரிட்டனில் விற்றவர்கள் அவசரமாகத் திரும்பப் பெற்றார்கள்.

எந்த விதை எத்தனை தின்றால் ஆபத்து என்ற கணக்கை வேண்டுமென்றே இங்கே தரவில்லை. விதையின் முதிர்ச்சி, மென்ற அளவு, தின்றவரின் எடை இவற்றைப் பொறுத்து அது மிகவும் மாறுபடும். ‘இத்தனைக்குக் கீழே பரவாயில்லை’ என்று ஓர் எண்ணை மனத்தில் வைத்திருப்பவர்தான் மருத்துவமனைக்குத் தாமதமாக வருவார்.

வீட்டில் வளரும் நாய், பூனைக்கு?

மனிதருக்குப் பெரிய தீங்கு செய்யாத லில்லி, பூனையின் சிறுநீரகத்தை ஓரிரு நாளில் செயலிழக்கச் செய்துவிடும். இலையைக் கடிக்க வேண்டியதில்லை. உடலில் படிந்த மகரந்தத்தை நக்குவதும் பூச்சாடித் தண்ணீரைக் குடிப்பதும் போதும். பூனை இருக்கும் வீட்டில் அந்தப் பூவுக்கு இடமில்லை என்பதைத் தவிர வேறு யோசனை என்னிடம் இல்லை.

பனை போலத் தோன்றும் சைகஸ் என்னும் அழகுச்செடியின் விதை நாயின் கல்லீரலைக் கெடுக்கும். ரிசின் என்றதும் 1978-இல் லண்டனில் பல்கேரிய எழுத்தாளர் கியோர்கி மார்க்கோவ் கொல்லப்பட்ட உளவுக் கதையே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் ஆமணக்குப் புண்ணாக்கைத் தோட்டத்துக்கு உரமாக இட்டு, அதன் வாசனைக்கு ஈர்க்கப்பட்டுத் தோண்டித் தின்ற நாயைப் பறிகொடுத்தவர்களின் கதை யாருடைய கவனத்துக்கும் வருவதில்லை.

மூலிகை என்று சொல்லப்படும் செடி எப்படித் தீங்கு செய்யும்?

முன்பு சொன்ன ஆடுதீண்டாப்பாளைக்கு வருகிறேன். அது சேர்ந்த அரிஸ்டோலோக்கியா இனத்துச் செடிகளைப் பூச்சிக்கடிக்கும் பாம்புக்கடிக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் மருந்தென்று பல நாட்டு மக்களும் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை உட்கொண்ட பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனைக்கு வந்தார்கள். தேடிப் பார்த்ததில், ஒரு சீன மூலிகைக்குப் பதிலாகப் பெயர் ஒத்த வேறொரு மூலிகை, இந்த இனத்தைச் சேர்ந்தது, மாறிக் கலந்திருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அவர்களில் பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. பால்கன் நாடுகளின் சில ஆற்றோரச் சிற்றூர்களில் பல தலைமுறைகளாகப் புரியாத புதிராக இருந்த சிறுநீரக நோய்க்கும், கோதுமை வயலில் களையாக வளர்ந்து அதன் விதை மாவில் கலந்த இதே இனத்துச் செடிதான் காரணம் என்று தெரியவந்தது. இதன் அமிலம் இன்று மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைக்கப்பட்டுள்ளது.

தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தியும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். தின்றவுடன் வாந்தி வந்தால் பாட்டி கண்டுபிடித்திருப்பார். பத்தாண்டு கழித்துச் சிறுநீரகம் சுருங்குவதை எந்தப் பாட்டியாலும் ஓர் இலையோடு முடிச்சுப்போட முடியாது.

செடியின் பெயர் தெரிந்தால் போதுமா?

எந்தப் பெயர் என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஆமணக்கு, காட்டாமணக்கு, நெய்வேலிக் காட்டாமணக்கு என்ற மூன்றும் ஒலியில் உடன்பிறப்புகள். முதலிரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகளானாலும் நஞ்சு வேறு, மூன்றாவது குடும்பத்தாலேயே வேறு. செவ்வரளியும் மஞ்சள் அரளியும் தனித்தனிச் செடிகள். இலங்கைத் தமிழர் அலரி என்பதைத் தமிழகத்தில் அரளி என்கிறார்கள். ஆகாயத்தாமரை என்ற பெயர் இரண்டு வேறு மிதவைச் செடிகளுக்கு வழங்குகிறது. ஆகவே மருத்துவரிடம் பெயரைச் சொல்வதைவிடச் செடியின் ஒரு கிளையைக் காட்டுவது மேல். கைபேசிச் செயலிகள் படத்தைப் பார்த்துச் சொல்லும் பெயர் ஒரு தொடக்கக் குறிப்பே தவிர, அதை நம்பி எதையும் வாயில் இடலாகாது.

யாரேனும் நச்சுச் செடியைத் தின்றுவிட்டால் உடனே என்ன செய்ய வேண்டும்?

வாயில் எஞ்சியிருப்பதை எடுத்துவிட்டு நீரால் கொப்பளிக்கச் செய்யுங்கள். விரல் விட்டோ உப்புநீர் கொடுத்தோ வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். மயக்கத்தில் இருப்பவர் எடுக்கும் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போனால் அதுவே உயிரைப் பறிக்கும், உப்பு மிகுந்தால் அதுவும் நஞ்சு. மாற்று மருந்து என்று பாலையோ, எண்ணெயையோ, வேறொரு இலைச்சாற்றையோ புகட்டுவதும் வேண்டாம். தின்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு, இலை, காய், விதை மூன்றும் தெரியும்படி ஒரு கிளையைப் பையிலிட்டு, அறிகுறிகளுக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் நாட்டில் விஷத் தகவல் மையம் இருந்தால் வழியிலேயே அழைத்துக் கேட்கலாம். வேண்டுமென்றே தின்றிருக்கக்கூடும் என்ற ஐயம் இருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், நோயாளியைத் தனியே விடாதீர்கள்.

சில செடி நஞ்சுகளுக்கு முறிமருந்தும் உண்டு. டிஜாக்சின் என்னும் இதய மருந்துக்கு எதிராகச் செம்மறி ஆடுகளின் உடலில் உருவாக்கப்படும் எதிர்ப்புப் புரதம், மஞ்சள் அரளியின் நஞ்சையும் கட்டுப்படுத்துகிறது என்பது இலங்கையில் நடந்த மருத்துவ ஆய்வில் உறுதியானது. அது எல்லா மருத்துவமனையிலும் கிடைக்கும் அளவுக்கு மலிவானதல்ல.

தேவைக்கு மேல் அஞ்சப்படும் செடிகளும் உண்டா?

உண்டு. கிறிஸ்துமஸ் காலத்தில் அழகுக்கு வைக்கப்படும் பாயின்செட்டியா என்னும் செவ்விலைச் செடியின் ஓர் இலை குழந்தையைக் கொல்லும் என்ற கதை நெடுநாளாக உலவுகிறது. உண்மையில் அது வாயையும் வயிற்றையும் சற்று உறுத்துவதற்கு மேல் பெரும்பாலும் எதுவும் செய்வதில்லை. அதைத் தூக்கி எறிந்துவிட்டு வாசலில் அரளியை வைத்திருக்கும் வீடுகள் ஏராளம்.

வெளிநாட்டுச் செடி என்றாலே கெடுதலா?

இல்லை. மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து உலகமெங்கும் போனவை. அவற்றால் எந்தக் காடும் அழியவில்லை. பல்லுயிர் குறித்த அரசுகளுக்கிடையிலான அமைப்பு 2023-இல் வெளியிட்ட அறிக்கை, மனிதரால் புதிய இடங்களுக்குப் போன உயிரினங்கள் 37,000-க்கும் மேல் என்றும், அவற்றில் 3,500-க்கும் மேற்பட்டவையே தீங்கு செய்யும் ஆக்கிரமிப்பாளர்கள் என்றும் சொல்கிறது. தாவரங்களில் இந்தப் பங்கு சுமார் 6 சதவீதம். எல்லா ஆக்கிரமிப்பு உயிரினங்களாலும் ஆகும் இழப்பு 2019-இல் ஆண்டுக்கு 42,300 கோடி டாலரைத் தாண்டியது என்று அதே அறிக்கை கணக்கிட்டது.

இடத்தைப் பொறுத்தே ஒரு செடி என்னவென்று ஆகிறது. செங்காந்தள் ஜிம்பாப்வேயின் தேசிய மலர், தமிழ்நாட்டின் மாநில மலர். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரை மணல்மேடுகளில் அதுவே பிடுங்கி எறியப்படும் களை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வந்த செடி உடனே பரவுவதில்லை. பல பத்தாண்டுகள் தோட்டத்தில் அடங்கியிருந்துவிட்டு, ஏற்ற பருவமும் கலைந்த நிலமும் கிடைத்ததும் கிளம்புவது வழக்கம். குட்சு என்னும் கொடி 1876-இல் பிலடெல்பியா கண்காட்சியில் அழகுக்காக வைக்கப்பட்டது. 1930-களில் மண்ணரிப்பைத் தடுக்க அமெரிக்க அரசே அதை நடச் சொல்லிப் பணம் கொடுத்தது. பிறகு அதே அரசு அதைக் களையென்று அறிவித்தது.

எப்படியும் பச்சையாகத்தானே இருக்கிறது, அதில் என்ன இழப்பு?

பச்சை நிறத்தை வைத்து நிலத்தின் நலத்தைச் சொல்ல முடியாது. உண்ணிச்செடி மூடிய காட்டுத் தரையில் புல்லும் மரக்கன்றும் முளைப்பதில்லை. புல்லுண்ணிகள் வேறிடம் போகின்றன அல்லது பசியில் அதையே கடித்துக் கல்லீரல் கெட்டு, வெயில் பட்ட தோல் வெடித்துச் சாகின்றன. அமேசான் படுகையிலிருந்து வந்த ஆகாயத்தாமரை, சத்து மிகுந்த நீரில் இரண்டு வாரத்துக்குள் இரு மடங்காகிவிடும். அது மூடிய நீரில் ஒளி இறங்காது, உயிர்வளி குறையும், மீன் சாகும், படகு நகராது, கொசுவும் நத்தையும் பெருகும். 1980-களின் இறுதியில் விக்டோரியா ஏரியில் தோன்றிய இது, பத்தே ஆண்டுகளில் துறைமுகங்களை அடைத்து மீனவர்களைக் கரையில் உட்காரவைத்துவிட்டது. கழிவுநீர் ஏரிக்குள் வருவதை நிறுத்தாமல் செடியை மட்டும் அள்ளிக்கொண்டிருப்பது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பதற்குச் சமம்.

பயன்படுத்தித் தீர்த்துவிட்டால் கட்டுப்பட்டுவிடாதா?

சீமைக்கருவேலம் கரியாகிறது, உண்ணிச்செடித் தண்டு நாற்காலியாகிறது, ஆகாயத்தாமரை கூடையாகிறது. வருமானம் உண்மையானது, ஏழைகளுக்கு அது பெரிது. ஆனால் கரிக்கு வெட்டுபவர் தூரை விட்டுவிட்டுத்தான் வெட்டுவார். தூர் துளிர்த்தால்தான் அடுத்த வெட்டு. செடியை நம்பி ஒரு பிழைப்பு உருவானபின் அதை ஒழிக்க யாருக்கும் மனம் வராது. வெட்டிய நிலத்தில் அடுத்து என்ன வளரப்போகிறது என்பதையும் சேர்த்துத் திட்டமிட்டால் மட்டுமே இது பலன் தரும்.

அதைத் தின்னும் பூச்சியைக் கொண்டுவந்து விட்டால்?

நன்கு சோதித்துச் செய்தபோது வியக்கத்தக்க பலன் கிடைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் சுமார் 2.4 கோடி ஹெக்டேரை மூடியிருந்த சப்பாத்திக்கள்ளியை, 1920-களின் நடுவில் அர்ஜென்டினாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓர் அந்துப்பூச்சியின் புழுக்கள் சில ஆண்டுகளில் அரித்துத் தீர்த்தன. குயின்ஸ்லாந்தின் பூனார்கா என்ற சிற்றூரில் அந்தப் பூச்சியின் நினைவாக ஒரு மண்டபமே கட்டினார்கள். அதே பூச்சி 1989-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் காணப்பட்டு, அங்கே இயற்கையாக வளரும் கள்ளி இனங்களுக்குக் கேடாக நிற்கிறது. விக்டோரியா ஏரியில் கூன்வண்டுகள் ஆகாயத்தாமரையைப் பெரிதும் குறைத்தன. பார்த்தீனியத்துக்கு எதிராக இந்தியாவில் 1984-இல் விடப்பட்ட மெக்சிகோ வண்டு, மழைக்காலத்தில் இலைகளை மொட்டையடித்தாலும் வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் உறங்கிவிடுகிறது. செடிக்கு அந்த இடைவெளி போதும். இது அரசும் ஆய்வு நிலையங்களும் செய்ய வேண்டிய வேலை, தனியாள் முயற்சிக்கு உரியதல்ல.

வீட்டைச் சுற்றி இருப்பதை எப்படி அகற்றுவது, பிடுங்கியதை என்ன செய்வது?

பார்த்தீனியத்தைப் பூக்குமுன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறையும் முகமூடியும் நீண்ட கைச்சட்டையும் அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். நன்கு வளர்ந்த ஒரு செடி 15,000-க்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்கும் என்பதால், பூத்தபின் பிடுங்கி இழுத்துச் செல்வது விதைப்பதற்குச் சமம். சீமைக்கருவேலத்தைத் தரைமட்டத்துக்கு வெட்டினால் ஒரு தண்டு இருந்த இடத்தில் ஐந்து தண்டுகள் வரும். தூரையும் மேல்வேரையும் தோண்டி எடுக்காத வெட்டு வீண்செலவு. பால் வடியும் செடிகளை வெட்டும்போது கண்ணாடி அணியாமல் இருக்கக் கூடாது.

அரளி போன்றவற்றின் கழிவை அடுப்பிலோ குப்பை மேட்டிலோ எரிக்காதீர்கள். புகையிலும் நஞ்சு வரும். கால்நடை எட்டும் இடத்திலும் நீர்நிலை ஓரத்திலும் கொட்டாதீர்கள். மீன்தொட்டியில் மிஞ்சிய நீர்ச்செடியைக் கால்வாயில் விடுவதும் இதில் அடங்கும். அதை வெயிலில் முற்றும் உலர்த்திவிட்டுப் புதைக்கலாம். விதை பிடித்த களைகளைக் கறுப்புப் பையில் கட்டி வெயிலில் வைத்து அழுகவிட்ட பிறகே குழியில் இட வேண்டும். அகற்றிய இடத்தில் அந்தப் பகுதிக்கே உரிய புல்லையோ செடியையோ உடனே நட்டுவிடுங்கள், வெற்று மண்ணில் முதலில் முளைப்பது மறுபடி அதே களையாகத்தான் இருக்கும். மண்ணிலுள்ள விதைகள் ஒரே மழையில் முளைத்துத் தீர்வதில்லை என்பதால், அடுத்த சில ஆண்டுகளுக்கு ஒவ்வொரு மழைக்கும் பத்து நாள் கழித்து அந்த இடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்து, முளைத்ததைச் சிறிதாக இருக்கும்போதே பிடுங்க வேண்டும்.